நீலப் பட்டை பிறந்த கதை

1960-களின் நடுவில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு விநோதமான போட்டி நடந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், திரைக்கு எதிரே ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். திரையில் ஓர் இலக்கு தோன்றும். அவர் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு, அந்தக் கையாலேயே பக்கத்திலிருக்கும் கருவியைப் பற்றி, கர்சரை நகர்த்தி, இலக்கைத் தொட வேண்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை முறை குறி தவறிற்று என்று கணக்கு வைத்தார்கள். கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒளிப்பேனா வந்தது, ஜாய்ஸ்டிக் வந்தது, மேசைக்கு அடியில் முழங்காலால் ஆட்டும் நெம்புகோல்கூட வந்தது. பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் 1964-இல் செய்துகொடுத்த ஒரு மரப்பெட்டியும் போட்டியில் இருந்தது. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரு பொத்தான், பின்னால் நீளமாக ஒரு வயர்.

செலவு நாசாவுடையது, யோசனை ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டுடையது. 1967-இல் முடிவுகள் வெளியாயின. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களிடம் முழங்கால் நெம்புகோல் ஆச்சரியப்படும்படி நன்றாகவே ஓடியிருந்தது. கை பழகியவர்களிடம் மரப்பெட்டி முந்தியது. பழகாதவர்களின் வாக்கு மட்டும் எண்ணப்பட்டிருந்தால் உலகத்தின் அலுவலக மேசைகள் எல்லாம் வேறு உயரத்தில் இருந்திருக்கும். மவுஸ் ஜெயித்தது. ஆனால் சுட்டிக் காட்டிய பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில் ஒரு பெரிய சிக்கல் காத்திருந்தது. அப்போது அதைச் சிக்கல் என்று யாரும் நினைக்கவில்லை.

1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், ஒரு பெருங்கூட்டத்துக்கு முன்னால் எங்கல்பார்ட் தன் கணினியை இயக்கிக் காட்டினார். கடைக்குப் போகும்போது வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலைத் திரையில் எழுதி, வரிகளை இடம் மாற்றி, வகை பிரித்து அடுக்கினார். கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. அந்த அமைப்பில் ஒரு சொல்லை அழிக்க வேண்டுமானால், அழி என்பதற்கு ஒரு விசை, சொல் என்பதற்கு ஒரு விசை, அதன் பிறகுதான் எந்தச் சொல் என்று மவுஸால் காட்டுவது. கட்டளை முதலில், பொருள் பிறகு. கையில் கத்தியை ஓங்கிக்கொண்டு எதை வெட்டுவது என்று தேடுவதைப் போன்ற முறை. எங்கல்பார்ட்டின் ஆட்கள் அதில் கைதேர்ந்தவர்கள்; அவர்களுக்கு விபத்து நேரவில்லை.

விபத்து சில மைல் தள்ளி, பாலோ ஆல்டோவில் நேர்ந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலியோர் 1974-இல் பிராவோ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். திரையில் தெரிவது தாளில் அப்படியே அச்சாகும். அந்தக் காலத்துக்கு அது மாயாஜாலம். ஆனால் பிராவோவில் விசைகளுக்கு இரண்டு பிறவி. ஒரு நிலையில் தட்டினால் எழுத்து விழும். இன்னொரு நிலையில் தட்டினால் அதே எழுத்து கட்டளையாகிவிடும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து ஒருவர் எடிட் என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும்? முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அதை அழிக்கும். மூன்றாவது, இனி வருவதைச் சேர் என்று சொல்லும். நான்காவது, வெற்றுத் திரையில் ஒற்றை எழுத்தாகப் போய் நிற்கும். கடைசியாகச் செய்ததை மட்டுமே மீட்க முடியும். கடைசியாகச் செய்ததோ அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்தது.

இந்தக் கூத்தைப் பார்த்துப் பொறுக்காத ஒருவர் அங்கே இருந்தார். லாரி டெஸ்லர் 1973-இல் பார்க்கில் சேர்ந்தவர். விசைகள் நிலைக்கு ஒரு பொருள் கொள்வதைத் தீவினையாகவே கருதியவர்; பின்னாளில் தன் கார் எண் பலகையிலேயே நிலைகள் வேண்டாம் என்று எழுதி ஓட்டினார். ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் அண்ட் கம்பெனி என்ற பாடநூல் பதிப்பகத்திலிருந்து டிம் மாட் என்பவர் வந்து அவருடன் சேர்ந்தார். மாட் பதிப்பகத்துக்கே போய், ஒரு பதிப்பாசிரியரைக் கணினித் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, திரையில் எதுவுமே ஓடாத நிலையில், இப்போது ஒரு பக்கத்தைத் திருத்துவதாக வைத்துக்கொண்டால் கை எங்கே போகும் என்று கேட்டார். பதிப்பக ஆட்களின் கை ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தது. முதலில் எந்த வரி என்று தொட்டார்கள். பிறகுதான் அதை என்ன செய்வது என்று சொன்னார்கள்.

இருவரும் சேர்ந்து எழுதிய ஜிப்சி என்ற மென்பொருளில் எங்கல்பார்ட்டின் முறை தலைகீழாயிற்று. முதலில் பொருள், பிறகு கட்டளை. மவுஸால் ஓர் இடத்தைத் தொட்டு இழுத்தால் அது நிறம் மாறி நிற்கும். வெட்டு, ஒட்டு எல்லாம் அதற்குப் பிறகு. சும்மா தொட்டுவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது. மனம் மாறினால் வேறொன்றைத் தொடலாம். தேர்வு என்பது இனிமேல் ஒரு கட்டளையின் வால் இல்லை, தனியே நிற்கும் ஒரு நிலைமை. நிறம் மாறிய அந்தத் துண்டை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? எது தேர்வாகி இருக்கிறது என்ற அந்த ஞாபகத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அது புரோகிராமர்களைத் தூங்கவிடவில்லை.

இதற்கிடையில் நாட்டின் மறுகரையில் இன்னொரு கிளைக்கதை. 1978. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர், கரும்பலகையில் பேராசிரியர் ஒரு எண்ணை மாற்றினால் அட்டவணை முழுவதையும் அழித்து எழுதவேண்டி இருப்பதைப் பார்த்துப் பகல்கனவு கண்டார். கனவில் ஒரு கால்குலேட்டர். அதன் அடியில் உருளும் பந்து, மவுஸ் மாதிரி. வாய்த்ததோ ஒரு வாரக்கடைசிக்கு இரவல் கிடைத்த ஆப்பிள்-2. அதற்கு மவுஸ் கிடையாது. விளையாட்டுக்கு வைத்திருந்த திருகு குமிழ்தான் இருந்தது. குமிழைத் திருகினால் கர்சர் இடம் வலமாக ஓடும். சுடும் பொத்தானை அழுத்திவிட்டுத் திருகினால் மேலும் கீழுமாக ஓடும். பிரிக்லின் முயன்று பார்த்தார். கர்சர் நடுங்கியது; நிற்கச் சொன்ன கட்டத்தில் நிற்கவில்லை.

வேறு வழியில்லாமல் விசைப்பலகைக்கு வந்தார். ஆப்பிள்-2-இல் அம்புக்குறி விசைகள் இரண்டே இரண்டு, இடமும் வலமும். மேலே போவது எப்படி? ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அதே இரண்டு அம்புகளும் மேல், கீழ் என்று பொருள் மாறிவிடும். எந்தத் திசை நடப்பில் இருக்கிறது என்பதைத் திரையின் மூலையில் ஒரு சிறு குறி காட்டும். டெஸ்லர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் 1979-இல், பாப் ஃபிராங்க்ஸ்டன் இரவிரவாக உட்கார்ந்து எழுதிமுடித்த விசிகால்க் கடைக்கு வந்தபோது கணக்கர்கள் அந்த இரண்டு விசையாலேயே அட்டவணை முழுக்க அலைந்தார்கள். நின்ற கட்டம் நிறம் தலைகீழாகி ஒளிர்ந்தது. அட்டவணைக்குள் தேர்வு நுழைந்தது இப்படித்தான். ஆனால் அது ஒரு கட்டம் மட்டும்; ஓர் ஆளின் வரிசை முழுவதையுமோ ஒரு பில்லின் வரிசை முழுவதையுமோ ஒரே தொடலில் பிடிக்க அதற்குத் தெரியாது.

பல வரிகளைச் சேர்த்துப் பிடிக்கும் வித்தை எண்பதுகளில் ஒழுங்காயிற்று. 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் மவுஸுக்கு இரண்டு பொத்தான் வைத்தது: ஒன்று தேர்ந்தெடுக்க, மற்றது தேர்வை நீட்ட. ஆப்பிளுக்குத் தாவியிருந்த டெஸ்லரோ ஒரே பொத்தான் போதும் என்று அடம்பிடித்தார். 1983-இல் வந்த லிசாவில் அவர் பேச்சு நின்றது. அப்படியானால் நீட்டுவதற்கு என்ன வழி? ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்வது. காணாமல் போன ஒரு பொத்தானுக்கு ஈடாக வந்த அந்தப் பழக்கம், மவுஸில் மூன்று பொத்தானும் சக்கரமும் வந்த பிறகும் போகவில்லை.

அடுத்த திருப்பம் எம்ஐடியில். 1984-இல் தொடங்கி 1987-இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்ற எக்ஸ் விண்டோ அமைப்பு, தேர்வின் ஞாபகத்தை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு சட்டம் போட்டது. முதன்மைத் தேர்வுக்கு எந்த நேரத்திலும் ஒரே உரிமையாளர்தான். ஒரு ஜன்னலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் உரிமை அங்கே போகும். இன்னொரு ஜன்னலில் எதையாவது தொட்ட கணமே முந்தைய உரிமையாளருக்கு இழந்துவிட்டாய் என்று தகவல் வரும், அது தன் நிறத்தைக் கலைத்துவிட வேண்டும். தேர்ந்தெடுத்ததை நடுப் பொத்தானால் வேறிடத்தில் ஒட்டுவதற்கு இது அருமையான ஏற்பாடு. எழுத்துக்கு எழுதிய அந்தச் சட்டம் அட்டவணையின் தலையில் விடியப் போகிறது என்று எம்ஐடியில் யாரும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

அந்த நேரத்தில் பெர்க்லி பேராசிரியர் ஜான் அவுஸ்டர்ஹவுட் ஒரு வெட்கத்தில் இருந்தார். சில்லு வடிவமைக்கும் மென்பொருள்களை அவரும் மாணவர்களும் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவசரத்தில் ஒரு சோப்ளாங்கிக் கட்டளைமொழியையும் எழுதினார்கள். 1987-இல் விடுப்பெடுத்து டெக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மொழியை எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது. அதுதான் டிக்கிள். 1988-இன் கடைசியில் அதன் மேல் பொத்தான், பட்டியல் எல்லாம் கட்டும் டிகே என்ற கருவிப்பெட்டியைத் தொடங்கினார். உருப்படியாக ஒன்று வர இரண்டு வருடம் பிடித்தது. அந்தப் பெட்டியில் லிஸ்ட்பாக்ஸ் என்ற ஒரு எளிய பட்டியல் இருந்தது. எக்ஸ் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நல்ல பிள்ளையாக, தேர்வானதை ஊருக்கு அறிவிக்கும் குணத்தோடு அது பிறந்தது.

ஆம்ஸ்டர்டாமில், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோகாமல் கைடோ வான் ராசம் எழுதத் தொடங்கிய பைத்தானுக்கு முகம் இல்லாத குறை இருந்தது. ஸ்டிட்வின் என்ற அவருடைய சொந்த ஜன்னல் நூலகம் இருந்தது. அது ஒரு அளவுக்கு மேல் போகவில்லை. புதிதாக எழுதுவதைவிட இருப்பதை வாங்கிக்கொள்வது மேல். ஸ்டீன் லும்ஹோல்ட்டும் கைடோவும் டிகேயைப் பைத்தானோடு ஒட்டி டிகேஇன்டரை உருவாக்கினார்கள். ஃபிரெட்ரிக் லுண்ட் பிறகு அதைச் செப்பனிட்டார். உள்ளே ஒரு முழு டிக்கிள் மொழி ஓடிக்கொண்டிருக்கும். பைத்தான் மேலிருந்து அதற்கு உத்தரவு அனுப்பும். இரவல் முகம்தான். ஆனால் பைத்தானை நிறுவிய பெரும்பாலோர் கைக்கும் கூடவே போய்ச் சேர்ந்தது. பெற்றவர்கள் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: அட்டவணை எங்கே?

அட்டவணை இல்லை. லிஸ்ட்பாக்ஸுக்கு ஒரே பத்திதான். ஆகவே புரோகிராமர்கள் கைவேலையில் இறங்கினார்கள். பெயருக்கு ஒரு லிஸ்ட்பாக்ஸ், துறைக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, மூன்றையும் தோளோடு தோள் நிறுத்தி ஒரே உருள்பட்டையில் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அட்டவணை. பெயரைத் தொட்டால் அந்த வரிசை முழுதும் நிறம் மாற வேண்டும் என்று, ஒன்றின் தேர்வை மற்றவற்றிலும் போட்டார்கள். அப்போதுதான் எம்ஐடியின் சட்டம் வந்து கதவைத் தட்டியது. தேர்வுக்கு ஒரே உரிமையாளர்! துறையில் நிறம் ஏறியதும் பெயரில் இறங்கியது. சம்பளத்தில் ஏறியதும் துறையில் இறங்கியது. எக்ஸே இல்லாத விண்டோஸிலும் இதே கதை. எக்ஸ்போர்ட்செலக்‌ஷன் என்ற அமைப்பை அணைத்துவிட்டால் போதும் என்று தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். அவர்களுக்கும் மவுஸ் சக்கரம் காத்திருந்தது. கர்சர் இருந்த பட்டியல் மட்டும் உருண்டது, மற்ற இரண்டும் அப்படியே நின்றன. ஒருவர் பெயருக்கு நேரே வேறொருவர் சம்பளம் வந்து நின்றது.

இதே காலத்தில் ஆஸ்லோவில் டிரோல்டெக் நிறுவனம் கியூட்டி என்ற கருவிப்பெட்டியைச் செதுக்கிக்கொண்டிருந்தது. ஃபில் தாம்சன் அதைப் பைத்தானுக்குக் கொண்டுவந்திருந்தார். 2005-இல் வந்த கியூட்டியின் நான்காம் பதிப்பு, அந்தப் பழைய ஞாபகக் கேள்விக்கு வேறொரு பதில் சொன்னது. தகவல் ஓரிடம், அதைக் காட்டும் அட்டவணை இன்னோரிடம், எது தேர்வாகி இருக்கிறது என்ற ஞாபகம் மூன்றாவதாக ஒரு தனிப் பொருள். இரண்டு அட்டவணைகள் ஒரே தேர்வைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். இங்கே தொட்டால் அங்கேயும் ஒளிரும். வடிவமைப்பில் இதைவிடச் சுத்தமான விடையை இந்தக் கதையில் யாரும் தரவில்லை. ஆனால் சுத்தத்துக்கு விலை உண்டு. நடுவே வரிசைப்படுத்தும் அடுக்கு ஒன்றை வைத்தால், திரையில் மூன்றாவதாகத் தெரிவது தகவலில் நாற்பதாவதாக இருக்கும். எண்ணை மறுபடி மூலத்துக்கு மாற்றிக் கேட்காதவர்கள் தவறான வாடிக்கையாளரை அழித்தார்கள்.

டிகே முகாமில் மாற்றம் ஒரு வெளியாளின் துணைப்பெட்டியாக வந்தது. ஜோ இங்கிலிஷ் எழுதிய டைல், பழைய டிகேயின் சாம்பல் நிறப் பழசை மறைத்து அந்தந்த ஊர்த் திரையின் தோற்றத்தைத் தந்தது. 2007 டிசம்பரில் டிகே 8.5 வந்தபோது டைல் உள்ளேயே குடியேறியது. அதில் ட்ரீவியூ என்று ஒரு உறுப்பு. ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் கிளை பிரித்துக் காட்டுவதற்கென்று பிறந்த மரம் அது. கிளைக்கு ஒரு பத்தி. பக்கத்தில் வேண்டிய அளவு பத்திகள். யாரோ ஒருவர் கிளைப் பத்தியை மறைத்துவிட்டுத் தலைப்புகளை மட்டும் காட்டச் சொன்னார். மரம் போய்விட்டது. மிச்சம் இருந்தது அட்டவணை!

கில்ஹெர்மே போலோ எழுதிய இணைப்பால் அது 2009-இல் பைத்தான் 3.1-க்குள்ளும், அடுத்த வருடம் 2.7-க்குள்ளும் வந்தது. ஒரு வரிசையைத் தொட்டதும் இடமிருந்து வலம்வரை எல்லாப் பத்திகளிலும் ஒரே வீச்சில் ஒரு நீலப் பட்டை விழுந்தது. மருந்துக்கடை இருப்பிலும் பள்ளி வருகைப் பதிவிலும், கல்லூரி மாணவர்களின் நூலக மேலாண்மை புராஜெக்டிலும், பைத்தானில் அட்டவணை கட்டியவர்கள் யாரும் ஒரு கணம்கூட நின்று பார்க்காமல் கடந்துபோகும் அந்தப் பட்டை, மென்லோ பார்க்கின் மரப்பெட்டியில் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடந்து வந்து சேர்ந்தது. கூடவே நாலைந்து பொறிகளையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தது.

முதல் பொறி பெயரில். தேர்வான வரிசை எது என்று ட்ரீவியூவைக் கேட்டால் அது எத்தனையாவது என்று சொல்லாது. வரிசையின் பெயரைச் சொல்லும். பெயர் வைக்காமல் விட்டால் தானே ஒன்று சூட்டும்: ஐ001, ஐ002, ஐ003. பார்த்தால் எண் மாதிரியே இருக்கிறது. முன்னால் இருக்கும் ஐயை வெட்டிவிட்டு மிச்சத்தை எண்ணாக மாற்றினால் எத்தனையாவது என்று தெரிந்துவிடும் என்று புத்திசாலிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்பது வரிசை வரை வேலை செய்தது. பத்தாவது வரிசையைத் தொட்டதும் நிரல் செத்து விழுந்தது. காரணம், அந்த எண்கள் பதினாறடிமானம். ஒன்பதுக்கு அடுத்து வருவது ஐ00ஏ. அதையும் சரிசெய்தவர்களுக்கு இரண்டாம் ஆட்டம். அட்டவணையைக் காலிசெய்து மறுபடி நிரப்பினால் பெயர்கள் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். நேற்று வரை முதல் வரிசைக்கு இருந்த பெயர் இன்று யாருக்கும் இல்லை.

மதிப்புகளில் இன்னொரு பொறி. தேர்வான வரிசையின் உள்ளடக்கத்தைக் கேட்டால், எண் போலத் தெரியும் எழுத்துகளை டிகேஇன்டர் உதவி செய்வதாக நினைத்து எண்ணாகவே மாற்றித் தரும். 0042 என்ற பதிவெண் 42 ஆகத் திரும்பி வரும். டேட்டாபேஸில் 42 என்று யாரும் இல்லை. இந்த இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் பலருக்கு ஒரு முழு இரவு பிடித்தது. வரிசையைச் சேர்க்கும்போதே பதிவெண்ணையே அதன் பெயராகச் சூட்டிவிடுவது. அப்புறம் வரிசைப்படுத்தினாலும் கலைத்தாலும் பெயர் மாறாது. மற்ற விவரங்களைத் திரையிடம் கேட்காமல் மூலத்திடம் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் விஷமமானது கிளிக்கில் ஒளிந்திருந்தது. மவுஸ் பொத்தானுக்கு ஒரு ஃபங்ஷனைக் கட்டி, அதற்குள் தேர்வு என்ன என்று கேட்டார்கள். முதல் கிளிக்கிலேயே பட்டியல் காலி என்று பிழை. சரி, காலியாக இருந்தால் விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். இரண்டாவது கிளிக்கில் பதில் வந்தது. முதலில் தொட்ட வரிசை! மூன்றாவது கிளிக்கில் இரண்டாவது. நீலப் பட்டை சரியான இடத்தில் நிற்கிறது, பதில் மட்டும் ஒரு அடி பின்னால் வருகிறது. பேய் பிடித்ததா? டிகேயில் ஒரு கிளிக் வந்தால், அந்த உறுப்புக்கென்று புரோகிராமர் கட்டிய ஃபங்ஷன் முதலில் ஓடும். ட்ரீவியூ இனத்துக்கே பொதுவான நடத்தை, அதாவது பட்டையை நகர்த்தும் வேலை, அதற்குப் பிறகுதான். கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில் பட்டை இன்னும் பழைய இடத்தில்தான் இருந்தது. தேர்வு மாறி முடிந்ததும் ட்ரீவியூ தானே எழுப்பும் ட்ரீவியூசெலக்ட் என்ற குரலுக்குக் காது கொடுத்தவர்களுக்குத் தொல்லை தீர்ந்தது. அம்புக்குறி விசையால் நகர்ந்தாலும் அது கூப்பிடும் என்பது உபரி லாபம்.

சிலர் தேர்வைக் கேட்காமல் ஃபோகஸைக் கேட்டார்கள். ஒரே ஒரு பெயர் வரும், பட்டியலைப் பிரிக்கும் வேலை இல்லை, சுலபம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மூன்று வரிசைகளைத் தொடும் பயனர் வரும்வரை சுலபம். மூன்றை நீக்கச் சொன்னால் ஒன்று நீங்கும். விசைப்பலகை நிற்கும் இடமும் தேர்வான இடமும் வேறு வேறு என்பது அங்கே வெளிப்பட்டது. நிரலே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்துக் காட்டினாலும் ஃபோகஸ் கூடவே போவதில்லை. அடுத்து கீழ் அம்பைத் தட்டியதும் பட்டை எங்கோ தாவும்.

2018-இல் வந்த டிகே 8.6.9 இன்னொரு அதிர்ச்சி தந்தது. கடன் பாக்கி சிவப்பு, கட்டிவிட்டது பச்சை என்று வரிசைகளுக்குப் பூசிய நிறங்கள் மொத்தமும் காணாமல் போயின. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2019-இல் பைத்தான் 3.7.3-ஐ விண்டோஸில் நிறுவியவர்கள் நேற்றுவரை வண்ணமாக இருந்த அட்டவணை வெளுத்துப்போனதைப் பார்த்துத் தங்கள் நிரலையே சந்தேகித்தார்கள். தேர்வாகாத வரிசை என்று டிகேயின் தோற்ற அமைப்பில் இருந்த ஒரு விதி, பூசிய நிறத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த விதியைச் சல்லடை போட்டு நீக்கும் சில வரி நிரல் கைக்குக் கை மாறியது. அந்த வருடக் கடைசியில் 8.6.10 வந்து நிறங்களைத் திருப்பிக் கொடுத்தது. கைமாறிய அந்த வைத்தியம் இன்றும் பல நிரல்களில் நோயில்லாமலே தொடர்கிறது.

அதற்குள் அட்டவணைகள் பிரவுசருக்கு இடம் பெயரத் தொடங்கியிருந்தன. 2019 அக்டோபரில் வெளியான ஸ்ட்ரீம்லிட், பைத்தான் மட்டும் தெரிந்தவர்களையும் வெப் செயலி கட்டவைத்தது. அதன் தந்திரம் எளிது: பயனர் எதைத் தொட்டாலும் நிரல் தலையிலிருந்து கால்வரை மறுபடி ஓடும். டேட்டாஃபிரேம் என்ற அழகான அட்டவணை வந்தது, தலைப்பைத் தொட்டால் வரிசைப்படுத்திக்கொண்டது. ஒரு வரிசையைத் தொட்டால்? ஒன்றும் இல்லை. பட்டை விழுந்தாலும் நிரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு தொடலுக்கும் முதலிலிருந்து ஓடும் நிரலில் ஞாபகத்தை எங்கே வைப்பது என்பது சிரமமான கேள்விதான். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் வெளியாட்கள் செய்த அட்டவணைகளை இரவல் வாங்கினார்கள். 2023-இல் திருத்தக்கூடிய அட்டவணை வந்ததும், முன்னால் ஒரு பத்தியில் டிக் போடும் பெட்டியை வைத்து, டிக் விழுந்த வரிசைகளை வடிகட்டி எடுத்தார்கள். இது ஓட்டை அடைக்கும் வேலை என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்தார்கள்.

2024 மே மாதம் வந்த 1.35 பதிப்பில் அது முறையாகக் கிடைத்தது. டேட்டாஃபிரேமுக்குத் தேர்வானால் மறுபடி ஓடு என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்; ஒற்றை வரிசையா பல வரிசையா என்றும் சொல்லிவிடலாம். தேர்வானவற்றின் இட எண்கள் திரும்பி வரும். பயனர் பிரவுசரில் பட்டியலைத் தலைகீழாக அடுக்கிவைத்திருந்தாலும் அந்த எண்கள் மூலத் தகவலின் இடத்தையே குறிக்கும்படி செய்திருந்தார்கள், அதனால் கியூட்டிக்காரர்களைக் கடித்த பொறி இங்கே கடிக்கவில்லை. ஆனால் இட எண் இட எண்தான். நிரல் அடுத்த முறை ஓடுவதற்குள் டேட்டாபேஸில் நடுவே ஒரு புதுப் பதிவு நுழைந்துவிட்டால், ஏழாவது இடத்தில் இருந்தவர் எட்டாவதுக்குப் போயிருப்பார், பயனர் ஏழாவதைத் தொட்டிருப்பார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் எண் கைக்கு வந்ததும், அது எந்தத் தகவலைப் பார்த்துத் தொடப்பட்டதோ அந்தப் பிரதியிலேயே ஏழாவது வரிசையைப் புரட்டி, அங்கிருக்கும் பதிவெண்ணை எடுத்துவைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் டேட்டாபேஸிடம் பேசுகிறார்கள்.